மாடி மீட்டர்

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசல் சுவரில் இரண்டு மின் மீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று கீழ்வீட்டுக்கு, மற்றது மாடிக்கு. இரண்டாவதை வாங்க நான் பதினோரு காகிதங்கள் கொடுத்தேன். முப்பத்து மூன்று வருடம் தாலுகா அலுவலகங்களில் வேலை பார்த்துவிட்டுத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தைக் கேட்பார்கள், எந்தக் காகிதத்தைக் கேட்க மறந்துவிடுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வேறு பெரிதாக எதுவும் தெரியாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து ரீடிங் எடுப்பார்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் முதல் நூறு யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் சேர்த்து மாறிவிடும். ஐந்நூற்று ஒன்றாவது யூனிட் தனியாக வருவதில்லை, முன்னால் போனவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. இதை நான் நடைப்பயிற்சி மைதானத்தில் அத்தனை பேரிடமும் விளக்கியிருக்கிறேன். அதனால் தெருவில் எனக்கு 'ஐந்நூறு' என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள். நான் அதைப் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் சொன்னதெல்லாம் சரியான விஷயங்கள்தான். இப்போதும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஃபிரிட்ஜைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. பின்னால் ஒரு கை அகலம் இடம் விட வேண்டும். சூடான குழம்பை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் அது தூங்குகிறது என்று அர்த்தம், அணைந்துவிட்டது என்று அல்ல. செட்டாப் பெட்டியோடு சேர்த்துச் சுவிட்சிலேயே நிறுத்த வேண்டும். பழைய மின்விசிறி ஒன்று தின்கிற மின்சாரத்தில் புது மாதிரி விசிறி இரண்டு ஓடும். துணி தேய்ப்பது வாரத்துக்கு ஒரு நாள், ஒரே மூச்சில். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் வழிவது தண்ணீர் மட்டுமல்ல.

எங்கள் வீட்டில் இதற்கு மேலும் ஒரு வழக்கம் இருந்தது. ரீடிங் எடுக்க வரும் நாளுக்கு முந்தைய பத்து நாளும் விரதம். தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து எண்ணை நான் உரக்கச் சொல்வேன். ஐந்நூறுக்கு நெருக்கமாக இருந்தால் தேய்ப்புப் பெட்டி, வெந்நீர் ஹீட்டர், கிரைண்டர் மூன்றும் ஓய்வுக்குப் போய்விடும். மாவு கடையில் பாக்கெட்டாக வரும்.

"அரைக்கற கரண்ட விட மாவு பாக்கெட்டு ஜாஸ்திங்க" என்றாள் என் மனைவி ஒரு முறை.

"அது வேற தலைப்பு" என்றேன்.

"தலைப்பு இன்னா தலைப்பு, எல்லாம் ஒரே பாக்கெட்டுலேந்துதான போவுது."

நிதித் தலைப்புகளைக் கலக்கக் கூடாது என்பதை நான் அவளுக்குப் பல வருடங்கள் விளக்கிப் பார்த்தும் பலனில்லை. ஆனால் விரதத்தை அவள் என்னைவிட ஒழுங்காகப் பிடித்தாள். ரீடிங் எடுப்பவர் தெருமுனை திரும்பியதும் முதலில் கிரைண்டர் சத்தம் கேட்கும் வீடு எங்களுடையதுதான்.

மாடியைக் கட்டியபோது இரண்டாவது இணைப்பு வாங்க முடிவு செய்தேன். இரண்டு இணைப்பென்றால் இரண்டு நூறு. ஆனால் மாடி தனி வீடு என்று காட்ட வேண்டும்: தனிச் சமையலறை, தனி வாசல், தனி வீட்டு வரி. மாடியை மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தேன். மேலே ஒரு மேடை போட்டு அடுப்பு வைத்தேன். தனி வாசல்தான் சிக்கல். கூடத்திலிருந்து அகலமான படி ஒன்று உள்ளேயே மேலே போனது. ஆய்வுக்கு வருகிறவர் அதைப் பார்த்தால் இரண்டும் ஒரே வீடு என்று எழுதிவிடுவார். ஆகவே அந்தப் படியின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினேன். வீட்டுக்கு வெளியே, மதிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மூன்றடி சந்தில், நடுவில் ஒரு திருப்பத்தோடு புதுப் படி கட்டினேன். பதினெட்டுப் படி, செங்குத்து.

"வூட்டுக்குள்ள இருக்கற படிய அடச்சிட்டு, வெளிய போயி ஏறணுமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"மழ வந்தா?"

"குடை."

"மேல எனக்குச் சொந்தம்னு எழுதியிருக்கீங்க. அப்ப நீங்க மேல வந்தா வாடக தருவீங்களா?"

ஆய்வு செய்தவர் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். என் பணிக்காலம் முழுவதிலும் அவ்வளவு சுத்தமான கோப்பைப் பார்த்ததில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

மாடியில் வங்கியில் வேலை பார்த்த ஒரு தம்பதி இரண்டு வருடம் குடியிருந்தார்கள். மாறுதலாகிப் போனபின் வேறு யாரும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் மாடி மீட்டரின் நூறு இலவச யூனிட்டும் எனக்குத் தெரிந்தே வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அது என்னை எவ்வளவு உறுத்தியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் கோயில் படியில், பிறகு கடைத்தெருவில், பிறகு துணி காயப்போடும்போது. நுரையீரல் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "வெறகு அடுப்பா?" என்று கேட்டார். எலவனாசூர்கோட்டையில் அவள் பிறந்த வீட்டில், பத்து வயதிலிருந்து, நடவுக்கும் அறுப்புக்கும் வந்த ஆட்களுக்கெல்லாம் பொங்கிப் போட்டவள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கல்வராயன் மலையில் மூன்று வருடம் வேலை. அங்கேயும் விறகுதான். காஸ் சிலிண்டரை மலைக்கு ஏற்றிக் கொண்டுபோகும் கூலி வீண் என்று நான்தான் முடிவு செய்திருந்தேன். டாக்டரிடம் "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு மிஷின் இருக்கிறது. அதைப் படுக்கை பக்கத்தில் வைத்து, மூக்கில் குழாய் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். நாளுக்குப் பதினாறு மணி நேரம். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் பணம் கட்டி அனுப்பினாள். பெட்டியைப் பிரித்ததும் நான் பார்த்தது பின்பக்கம் ஒட்டியிருந்த வாட் எண்ணை. மனதுக்குள் பதினாறால் பெருக்கினேன். நாளுக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு முந்நூறுக்கு மேல். கீழ்வீட்டு மீட்டர் ஏற்கெனவே நானூறில் நின்றது. அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கணக்கு முடிந்திருந்தது.

மாடி மீட்டர் காலியாக இருந்தது.

"மேல காத்து நல்லா வரும். தூசி கெடையாது. நிம்மதியா இருக்கலாம்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காத்துக்காக ஏறணுமா, யூனிட்டுக்காக ஏறணுமா?"

"ரெண்டுக்கும்."

"எப்ப எறங்கறது?"

"இந்த ரீடிங் போவட்டும். கீழ கொஞ்சம் கம்மி பண்ணிட்டு எறங்கிக்கலாம்."

மாசி மாதத்தில் ஒரு காலை வேளை. பதினெட்டுப் படி ஏற அவளுக்கு இருபது நிமிடம் ஆனது. திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டு, "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க, செவுத்துல சாஞ்சிக்க வசதியா இருக்குது" என்றாள்.

ரீடிங் போனது. கீழ்வீட்டில் முந்நூற்று நாற்பது, மாடியில் முந்நூற்றுப் பத்து. ஒரே மீட்டராக இருந்திருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று அவளிடம் விளக்கினேன். "சரி, எறங்கலாமா?" என்றாள். அடுத்த ரீடிங்கும் இதே மாதிரி வந்துவிட்டால் ஒரு முடிவுக்கு வரலாம் என்றேன். அலுவலகத்தில் இதற்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்று பெயர்.

கீழே அவளுக்கு அப்படி என்ன இருந்தது? ஒரு சமையலறை. அதன் ஜன்னல் தெருவைப் பார்த்தது. காலையில் தலைச்சுமைக் கீரைக்காரி அந்த ஜன்னலில்தான் நிற்பாள். இருவரும் அரைக்கட்டுக் கீரைக்கு அரை மணி நேரம் பேசுவார்கள். மாடியில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகள் தெரியும். மேகம் இல்லாத நாளில் மேற்கே மலை தெரியும். "அங்க மூணு வருஷம் இருந்தாச்சி, அத இன்னா பாக்கறது" என்று ஜன்னலைச் சாத்திவிட்டாள். கீரைக்காரி கீழே நின்று குரல் கொடுத்தால் பதில் சொல்வதற்குள் மூச்சு முட்டியது. சில நாளில் கீரைக்காரி குரல் கொடுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

சித்திரையில் மாடி அடுப்பாகியது. மிஷின் வேறு பின்பக்கத்தில் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தேன். ஈரச் சாக்கு விரித்தேன். மேற்கு ஜன்னலுக்குத் தட்டி கட்டினேன். இவையெல்லாம் நல்ல யோசனைகள். நான்கு டிகிரி குறையும். நாற்பதிலிருந்து நான்கு குறைந்தால் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் மகள் ஒரு ஏ.சி. அனுப்பிவிட்டாள். இருபத்தாறில் வைத்து விசிறியும் போட்டால் போதும் என்று அதற்கும் ஒரு விதி செய்தேன்.

ஆனி பிறந்தபோது அவள் கழிவறை வரை போய்வருவதற்கே சுவரைப் பிடித்தாள். வீடியோவில் பார்த்த டாக்டர் ஆக்சிஜன் அளவைக் கூட்டச் சொன்னார். குளிக்கிற நேரம் தவிர முழு நாளும் குழாய் இருக்க வேண்டும், படி ஏறி இறங்கவே கூடாது என்றார்.

அவள் குழாயைக் கையால் ஒதுக்கிவிட்டு, "நான் கீழதாங்க இருக்கறேன், இவருதான் மேல வச்சிருக்காரு" என்று டாக்டரிடம் சொன்னாள். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மறுவாரம் மகள் வந்தாள். வந்தவுடன், "அம்மாவ இன்னிக்கே கீழ எறக்கறோம்ப்பா" என்றாள். எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் எலக்ட்ரீஷியன், தியாகதுருகத்துக்காரர், ஏ.சி.யைப் பார்க்க வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, நல்ல பலசாலி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வைத்து, முன்னால் அவரும் பின்னால் நானுமாகத் தூக்கினோம். திருப்பம் வரை வந்தோம். நாற்காலியின் கால் மதிலில் முட்டியது. சாய்த்துப் பார்த்தோம். திருப்பிப் பார்த்தோம்.

"சார், இது சேர் போற படி இல்ல சார். ஆளே ஒருக்களிச்சிதான் போவணும். யாரு சார் இத கட்டுனது?"

"நாந்தான்."

"அதான பாத்தேன்."

நடந்து இறங்குகிறேன் என்று அவள் எழுந்தாள். மகள் வேண்டாம் என்று சொல்வதற்குள் இரண்டு படி வைத்துவிட்டாள். மூன்றாவது படியில் உதடு நீலமாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் அவளை அப்படியே இரண்டு கையிலும் வாரித் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார். படுக்கையில் போட்டுக் குழாயை மாட்டியபின், மூச்சு ஒழுங்காக வர முக்கால் மணி நேரம் ஆனது. கையில் மடக்கித் தூக்கினால் நெஞ்சு அமுங்கும், இறக்குவதானால் உட்கார்ந்த நிலையில் நேராகத்தான் இறக்க வேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார்.

அடைத்த சுவரை இடித்துவிடலாம் என்றாள் மகள். கொத்தனார் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் வேலைங்க. இடிச்சிடலாம். தூசி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா பறக்கும்" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் படி நேராக மாடி அறைக்குள்தான் ஏறுகிறது. தூசியும் அங்கேதான் ஏறும். அவள் கீழே வர வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும். சுவரை இடிக்க வேண்டுமென்றால் அவள் ஏற்கெனவே கீழே வந்திருக்க வேண்டும். அந்தச் சான்று இருந்தால்தான் இந்தச் சான்று, இந்தச் சான்று இருந்தால்தான் அந்தச் சான்று என்று நான் எத்தனையோ பேரை மேசைக்கும் மேசைக்கும் நடக்க விட்டிருக்கிறேன். அவர்கள் அப்போது என்னைப் பார்த்த பார்வையைத்தான் மகள் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் துணித் தூளி வைத்து இறக்குவார்கள் என்றார் எலக்ட்ரீஷியன். விசாரித்தேன். இறக்குவார்கள், ஆஸ்பத்திரிக்கு. சமையலறை ஜன்னலில் உட்கார வைப்பதற்காக அவர்கள் வர மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வர மாட்டேன், அதனால் போகவும் மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆக, அவள் இனி இந்தப் படியில் எப்போது இறங்குவாள், யார் கையில் இறங்குவாள் என்பது அவள், மகள், நான் மூவருக்கும் தெரிந்துவிட்டது. 

மகள் நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். நான் என் கட்டிலை மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். சமையலை மட்டும் கீழே வைத்துக்கொண்டேன். வதக்குகிற வாசனை பட்டாலே அவளுக்கு இருமல் வந்தது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் கீழே. மீட்டர் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு நாள் அவளே கேட்டாள்.

"இப்ப எவ்ளோ ஓடிக்கினு இருக்குது?"

"இந்தத் தடவ மேல ஐந்நூறு தாண்டிடும். தாண்டட்டும், விடு."

அவள் குழாயைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் படுத்தாள். நானும் அதோடு மறந்துவிட்டேன்.

ஆவணியில் ரீடிங் எடுக்கும் பெண் வந்தாள். கீழ்வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு, "சார், கீழ பில்லே இல்ல சார்! நூறுக்குள்ளயே முடிச்சிட்டீங்க. தெருவுல ஒங்க வூட்டுக்குத்தான் சார் ஜீரோ" என்றாள். முப்பது வருட முயற்சி. அதைக் கேட்டபோது எதிர்வீட்டு நாய் குரைத்த மாதிரிதான் இருந்தது.

"மேல?" என்றேன்.

"நானூத்தி எண்பத்தெட்டு. ஐந்நூறுக்குள்ளதான் சார். கவலப்படாதீங்க."

 மீட்டரைப் பார்க்காவிட்டாலும் எனக்குக் கணக்குத் தெரியும். முழு நாளும் மிஷின், பகலில் நான்கைந்து மணி நேரம் ஏ.சி., விசிறி: அறுநூற்று ஐம்பதுக்குக் குறைய வழியே இல்லை. அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. குறைந்த அந்த நூற்று அறுபது யூனிட் மிஷினும் ஏ.சி.யும் சேர்ந்து ஓட எத்தனை மணி நேரம் என்று அங்கேயே நின்று வகுத்தேன். நாளுக்கு மூன்று மணி நேரம் வந்தது. நான் கீழே இருக்கும் நேரம்.

மேலே போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"நான் கீழ போனதும் நிறுத்தறியா?"

கண்ணைத் திறக்காமல், "எவ்ளோ வந்துச்சி?" என்றாள்.

"நிறுத்தறியா, இல்லியா?"

"ஏ.சி.யும் சேத்துதான். படிச் சத்தம் கேட்டா போட்டுடுவேன். நீங்க செருப்ப தேச்சிக்கினுதான ஏறுவீங்க, நல்லா கேக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தாண்டலயில்ல?" என்றாள்.

"தாண்டல."

"ம்."

அந்த 'ம்'மில் ஒரு திருப்தி இருந்தது. சத்தியமாக இருந்தது. கோபித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். எந்த விதியின் கீழ் கோபிப்பது? டாக்டரிடம் வீடியோவில் சொன்னேன்.  இரண்டு மாதமாக அப்படிச் செய்ததில் இருதயம் தளர்ந்துபோயிருக்கும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றார். காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது. விரலை வைத்து அழுத்தினேன். குழி எழும்பவில்லை.

அன்றைக்கே எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். நீளமான குழாய் ஒன்று வாங்கி, மிஷினை அறைக்கு வெளியே, வெளிப்படியின் தலைமாட்டில் வைத்து, ஒரு பிளக் பாயின்ட் போடச் சொன்னேன். ஏ.சி.யின் சுவிட்சும் வெளியே. அவள் எழுந்து எட்ட முடியாத இடம். எலக்ட்ரீஷியன் சுவரைத் துளைக்காமல் வேலையை முடித்தார். தூசி கிளம்பாமல் இருக்க ஒவ்வொரு ஆணிக்கும் ஈரத்துணி பிடித்துக்கொண்டார். போகும்போது கூலி வாங்க மறுத்துவிட்டார்.

குழாய் கதவிடுக்கு வழியாகத் தரையில் ஊர்ந்து வந்து கட்டிலில் ஏறியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க."

"சொல்லு."

"வெளிய வச்சிட்டீங்க. நீங்க நிறுத்த மாட்டீங்கன்னு எனக்கு இன்னா நிச்சயம்?"

சிரிக்கிறாளா என்று குனிந்து பார்த்தேன். அதற்குள் இருமல் வந்துவிட்டது. அது அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அடங்கியபின் அவள் தூங்கிவிட்டாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

இப்போது சமைக்கக் கீழே போகும்போது மாடிக் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டுப் போகிறேன். கட்டிலிலிருந்து பார்த்தால் மிஷின் ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு அவளுக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் ஏ.சி. குளிர் படி வழியாக இறங்கி, சந்தில் கலந்து, தெருவுக்குப் போகிறது.